விண்ணரசி வாயே திறக்கவில்லை

தேவசகாயம் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காடாம்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சத்தம் தானாகவே காதில் விழும். அது வரும் பக்கமாக நடந்தால் வீடு வந்துவிடும்.

அம்மா ஆரோக்கியம்மாள் அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்பார். அப்பா தேவசகாயம் மாட்டுக் கொட்டகையிலிருந்து பதில் சொல்வார். ரேகா அக்கா ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள். அன்பரசு அண்ணன் யாரையாவது வம்புக்கு இழுப்பான். ஆறு வயது இரட்டையர்கள் அமலனும் விமலனும் எதற்கென்றே தெரியாமல் கத்துவார்கள். போதாக்குறைக்கு வாசலில் ஒரு வான்கோழி. யார் சத்தமாகப் பேசினாலும் அதற்குப் பொறுக்காது. கழுத்தை நீட்டி, 'கொளகொளகொள' என்று தன் பங்குக்குப் பதில் சொல்லும்.

இத்தனை சத்தத்துக்கும் நடுவில் விண்ணரசி இருந்தாள். அவளுக்குப் பத்து வயது. பெரியவர்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவள் இல்லை. மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுக்குச் சின்னவளும் இல்லை. அம்மா அவளைக் கூப்பிட வேண்டும் என்றால், "ரேகா... அன்பு... அமலா... அட, நீதாண்டி!" என்று ஊரைச் சுற்றித்தான் அவளிடம் வந்து சேருவார்.

அது 2010-ஆம் வருடத்து மே மாதம். பள்ளிக்கூடம் லீவு. மே மாதம் மாதாவின் மாதம் என்பதால், தினமும் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். செபமாலையில் ஐந்து பகுதி உண்டு. ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்ல வேண்டும். முதல் பகுதி அப்பாவுக்கு. அப்புறம் அம்மா, ரேகா, அன்பரசு. கடைசிப் பகுதி போன வருடம் வரை விண்ணரசிக்கு இருந்தது.

இந்த வருடம் இரட்டையர்கள் செபத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். "சின்னப் புள்ளைங்க ஆசப்படுதுங்க. குடுத்துடு கண்ணு" என்றார் அம்மா. விண்ணரசி கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்தது அடுத்த நாளே எல்லோருக்கும் மறந்துபோனது. அவளுக்கு மட்டும் மறக்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நடந்ததை எப்படிப் பொறுப்பது?

அன்று சாயங்காலம் சிவப்பு ஆடு தோப்புக்குள் இரண்டு குட்டி போட்டிருந்தது. முதலில் பார்த்தது விண்ணரசிதான். மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அம்மா! நம்ம ஆடு..."

"அப்புறம் சொல்லு, ஒல கொதிக்குது."

"அக்கா! தோப்புல..."

"தள்ளுடி, வெளிச்சத்த மறைக்காத."

"அண்ணே! ரெண்டு..."

"ரெண்டுல ஒண்ணு போனா எவ்ளோ? சொல்லு பாப்போம்" என்று சிரித்தான் அன்பரசு.

அந்த நேரம் பார்த்து அமலன் ஓடி வந்தான். "ஆடு குட்டி போட்டிருக்கு!" என்று கத்தினான். அவ்வளவுதான்! வீடே தோப்புக்கு ஓடியது. அப்பா அமலனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எம்புள்ளதான் மொதல்ல பாத்தான்" என்றார். வான்கோழி கூட அவர்கள் பின்னாலேயே போனது.

விண்ணரசி வாசலில் தனியாக நின்றாள்.

'நான் பேசினாத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்களே. அப்ப எதுக்குப் பேசணும்?' என்று நினைத்தாள். 'இனிமே பேச மாட்டேன். ஏன் பேசலன்னு யாராவது ஒருத்தர் கேக்கணும். அது வரைக்கும் வாயே தொறக்க மாட்டேன்.'

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முடிவு முடிவுதான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. யாராவது இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். அன்பரசும் இரட்டையர்களும் அப்பளத்துக்குச் சண்டை போட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாரும் வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க! விண்ணரசி, உன்னையுந்தான் சொல்றேன்!"

விண்ணரசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செபமாலை சொல்லும்போது அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தமே வரவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா, "பால கொண்டுபோயி ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினாள். "நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ரேகா துணி மடிக்கக் கூப்பிட்டாள். போய் மடித்தாள். "இன்னிக்கி என்னா, சொன்ன உடனே செய்யறே!" என்றாள் ரேகா. கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

விண்ணரசி தோப்புக்குப் போய்த் தாழ்ந்த முந்திரிக் கிளை ஒன்றில் உட்கார்ந்தாள். ஆட்டுக்குட்டிகள் அவள் காலை முட்டின. அவற்றிடம் பேசினால் கணக்கில் வராது என்று ஒரு மனம் சொன்னது. வரும் என்று இன்னொரு மனம் சொன்னது. பேசாமலே இருந்தாள். வீட்டுச் சத்தம் அங்கே வரை கேட்டது. தான் ஒருத்தி குறைந்தும் அந்தச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அப்போதுதான் கண்ணீர் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாயை மூடினால் கண் திறந்துகொள்கிறது. பேசிக்கொண்டே இருந்தபோது பார்க்காததை எல்லாம் விண்ணரசி இப்போது பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் கண்ணில் முதலில் பட்டது அண்ணி.

பெரிய அண்ணன் லூர்துசாமிக்கு ஈஸ்டர் முடிந்துதான் கல்யாணம் ஆனது. அண்ணியின் பெயர் அடைக்கலமேரி. ஊர் பிச்சாவரம் பக்கம். அண்ணியின் அப்பா அங்கே உப்புத் தண்ணீரில் வளரும் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு ஓட்டுகிறார். லூர்துசாமி லாரி டிரைவர். கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே லோடு ஏற்றிக்கொண்டு வெளி மாநிலம் போய்விட்டான். அண்ணி இங்கே இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் அதிகமாக ஒன்றும் தெரியாது.

மத்தியானம் லூர்துசாமி போன் செய்தான். போன் கை மாறி மாறிப் போனது. அப்பா மழையைப் பற்றிக் கேட்டார். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். இரட்டையர்கள் ஆட்டுக்குட்டி போலக் கத்திக் காட்டினார்கள். விண்ணரசியைத் தாண்டி, கடைசியில் போன் அண்ணியிடம் வந்தது. எல்லோரும் அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ம்... சாப்புட்டேன்... ம்... நல்லா இருக்கேன்" என்றார் அண்ணி. அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அண்ணி சாப்பிட்டாரா? அம்மா மருமகளுக்காகவே மீன்காரரிடம் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். அண்ணி குழம்பை ஒதுக்கிவிட்டு, மோர்ச்சோற்றை மட்டும் விரல் நுனியால் எடுத்துச் சாப்பிட்டார்.

"அண்ணிக்கு நம்ம வூட்டுச் சமையல் புடிக்கலம்மா" என்று ரேகா அடுப்படியில் கிசுகிசுத்தாள்.

"கடக்கரைப் பொண்ணு. நம்ம கொழம்பு எறங்கல போல" என்றார் அம்மா. அவர் குரலில் வருத்தம் இருந்தது.

விண்ணரசிக்கு அப்படித் தோன்றவில்லை. மீன் குழம்பு வாசனை வந்தபோது அண்ணியின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். பிறகு ஏன் தொடவில்லை?

இன்னொன்றும் இருந்தது. செபம் சொல்லும்போது அண்ணி செபமாலையைக் கையில் வெளியே பிடிப்பதில்லை. முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். எப்போது பார்த்தாலும் கை முந்தானைக்குள்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பலா மரத்து நிழலில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் வைத்து, கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்தால் பருப்பைச் சேதம் இல்லாமல் எடுக்க வேண்டும். அம்மாவும் ரேகாவும் வாயால் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையால் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடுகளைக் கூடையில் அள்ளிக் கொட்டுவது விண்ணரசியின் வேலை. அண்ணி கிணற்றடியில் பாத்திரம் கழுவிவிட்டுத் தாமதமாகத்தான் வருவார். புதுப்பெண் என்ற கூச்சத்தில் மரத்துக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொள்வார்.

விண்ணரசி கூடையோடு அந்தப் பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணியின் விரல்கள் கருத்துப்போயிருந்தன. நுனியெல்லாம் தோல் உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு கொட்டையையும் எடுக்கும்போது அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முந்திரி ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோலை அரித்துவிடும். அதனால்தான் அந்த ஊர்ப் பக்கத்தில் எல்லோரும் வேலை தொடங்கும் முன் கை நிறைய அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். நடை பழகும் குழந்தைக்குக் கூட இது தெரியும். அம்மாவுக்கும் ரேகாவுக்கும் நடுவில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய சாம்பல் இருந்தது. அண்ணியின் பக்கத்தில் எதுவும் இல்லை. பிச்சாவரத்தில் படகு உண்டு, மீன் உண்டு, சுரபுன்னை உண்டு. முந்திரிக்கொட்டை ஏது?

'யாருமே அண்ணிக்குச் சொல்லல!'

விண்ணரசியின் நாக்கு நுனி வரை வார்த்தை வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பேசிவிட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! இன்னும் யாரும் கேட்கவில்லையே!

பேசாமலேயே ஒரு வழி செய்யலாம். ஓடிப்போய் அந்தச் சாம்பல் கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். அண்ணியின் முன்னால் வைத்தாள். அதைக் காட்டினாள். கையைக் காட்டினாள். இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள்.

அண்ணி சாம்பலைப் பார்த்தார். பிறகு கிணற்றடியைப் பார்த்தார். அங்கே கரி பிடித்த சோற்றுப்பானை ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ, அந்தப் பானைய தேய்க்காம வந்துட்டேனா?" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுந்து, கொட்டாங்கச்சியோடு கிணற்றடிக்குப் போனார். பானையைத் திருப்பினார். உரிந்த விரலால் சாம்பலை அள்ளித் தேய்க்கக் குனிந்தார்.

"அண்ணி! வேணாம்!"

விண்ணரசி கத்திய கத்தலில் அண்ணியின் கையிலிருந்து பானை உருண்டது. பின்னாலேயே வான்கோழியும் கத்தியது.

"இது பான தேய்க்க இல்ல அண்ணி! உங்க கைல பூசிக்கறதுக்கு! கொட்டைய தொடறதுக்கு முன்னாடி பூசிக்கணும். இல்லன்னா அரிச்சிடும். எல்லாரும் பூசிப்பாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அண்ணி தன் கையைப் பார்த்தார். "அவுங்க கைல இருந்தது மண்ணுன்னு நெனச்சேன்" என்றார்.

"எரியுதுன்னு ஏன் அண்ணி சொல்லல?"

"எல்லாரும் சிரிச்சிப் பேசிக்கிட்டே தட்டுறாங்க. எனக்கு மட்டும் எரியுதுன்னு சொன்னா, வேல செய்யாம இருக்க சாக்கு சொல்றேன்னு நெனப்பாங்கல்ல பாப்பா? அதான்." அண்ணியின் கண் கலங்கியது. ஆனால் அடுத்த நிமிடமே அவர் சிரித்தார். "எப்படியோ, நீ பேசிட்டியே!"

விண்ணரசி விழித்தாள். "என்னா அண்ணி?"

"நேத்து செபத்துல உன் குரலு வரலியே. வாய் அசையுது, சத்தம் வரல. இன்னிக்கும் காலைலேருந்து ஒரு வார்த்த பேசல. ஒடம்புக்கு முடியலியோ, யாராவது திட்டிட்டாங்களோன்னு உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன். கேக்கலாம்னு பாத்தா எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஏன் பாப்பா பேசல?"

கேட்டுவிட்டார்! காத்திருந்த அந்தக் கேள்வியை அண்ணி கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் விண்ணரசிக்கு அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் சொல்றேன் அண்ணி. மொதல்ல உங்க கை" என்றாள்.

நேராக அம்மாவிடம் போனாள். "அம்மா, அண்ணியோட கை..."

"இரு இரு, இந்தக் கதைய முடிச்சிக்கறேன்" என்றார் அம்மா. கை தட்டிக்கொண்டே இருந்தது.

மற்ற நாளாக இருந்தால் விண்ணரசி திரும்பிப் போயிருப்பாள். இன்று போகவில்லை. குனிந்து, அம்மாவின் கையிலிருந்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தட்டுகிற சத்தம் நின்றது. ரேகாவும் நிறுத்தினாள். அந்த வீட்டில் அதிசயமாக ஒரு நிமிடம் யாருமே பேசவில்லை.

"அண்ணிக்குச் சாம்பல் பூசணும்னு யாரும் சொல்லலம்மா. கையெல்லாம் உரிஞ்சிப்போச்சி. காரம் பட்டா எரியும். அதனாலதான் கொழம்பு தொட்டுச் சாப்புட முடியல. நம்ம சமையல் புடிக்காம இல்ல."

அம்மா எழுந்து ஓடினார். அண்ணியின் முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தார். "அடி ஆத்தா!" என்று நெஞ்சில் கை வைத்தார். "ரேகா! நீ அண்ணிக்குச் சொல்லலியா?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"நீ சொல்லியிருப்பேன்னு நான் நெனச்சேன்!"

சத்தம் கேட்டு வந்த அப்பா, "நீங்க ரெண்டு பேரும் சொல்லியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்" என்றார்.

"கொட்டையத் தொடறதுக்கு முன்னாடி சாம்பல் பூசணும்னு தெரியாதவங்களும் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா" என்றார் அம்மா அண்ணியிடம். அண்ணியின் கையைப் பச்சைத் தண்ணீரில் பதமாகக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவினார். "அடுத்த பஸ்ஸுக்குப் போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம். கை ஆறுற வரைக்கும் நீ ஒரு துரும்பையும் தொடக்கூடாது." பிறகு மீதி இருந்த மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, உருட்டி உருட்டி மருமகளுக்கு ஊட்டினார்.

அண்ணி அந்தக் குழம்பு முழுவதையும் காலி செய்தார். ரேகா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் கொடுத்த மருந்தோடு அண்ணியும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். பாய் விரித்தார்கள். செபமாலை தொடங்கியது. அப்பா முடித்தார், அம்மா முடித்தார், ரேகா, அன்பரசு எல்லோரும் முடித்தார்கள். இரட்டையர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

"மாமா" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அண்ணிதான். இந்த வீட்டுக்கு வந்து அவர் தானாகப் பேச ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கிக் கடேசி பகுதி பாப்பா சொல்லட்டுமே, மாமா. நேத்து செபத்துல அவ குரலு இல்லாம எனக்கு என்னமோ போல இருந்துச்சு."

"குரல் இல்லியா? ஏண்டி விண்ணரசி, நேத்து நீ செபம் சொல்லலியா?" என்றார் அம்மா. பெயர் நேராகவே வந்தது. "ஏன், என்னா ஆச்சி?" என்றார் அப்பா. "காலைலயே ஒரு மாதிரிதான் இருந்தே" என்றாள் ரேகா. "யாரு உன்ன என்னா சொன்னாங்க?" என்று சட்டைக் கையை மடித்தான் அன்பரசு. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

"நீங்க பேசி முடிங்க. நான் சொல்றேன்" என்றாள் விண்ணரசி.

எல்லோரும் வாயை மூடினார்கள்.

"ஆடு குட்டி போட்டத மொதல்ல பாத்தது நான்தான்."

"ஆமா" என்றான் அமலன். "அக்கா ஓடி வர்றதப் பாத்துட்டுத்தான் நான் போயிப் பாத்தேன்."

அப்பா விண்ணரசியை அருகே இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "அப்ப, குட்டிகளுக்கு நீதான் பேரு வைக்கணும்" என்றார்.

இரட்டையர்களின் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. விண்ணரசி அதையும் பார்த்தாள். "நாளைக்கி நீங்க, அடுத்த நாள் நான். சரியா?" என்றாள். இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின.

விண்ணரசி செபமாலையைக் கையில் எடுத்தாள். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு தெளிவாக வந்தது. பின்பாதியைச் சொல்லும்போது எல்லோருடைய குரலுக்கும் நடுவே ஒரு புதுக்குரல் கணீரென்று கேட்டது. மருந்து போட்ட விரல்களில் செபமாலையை வெளியே பிடித்துக்கொண்டு அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார்.

விண்ணரசி தனியாகச் சொன்னபோதெல்லாம் வீடே அமைதியாகக் கேட்டது. பாவம், வான்கோழிதான் இந்த அமைதிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்று விழித்தது.